கழலும் கண்ணிகள்: வெப்பமேறும் பூமியில் மண்ணின் நுண்ணுயிர்கள்

ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வாந்தே அரீனியஸ் 1889-இல் ஒரு சமன்பாட்டைத் தந்தார். வெப்பம் ஏறினால் வேதிவினை எந்த அளவுக்கு வேகம் பிடிக்கும் என்று சொல்லும் அந்தச் சமன்பாட்டை, பிளஸ் டூவில் வேதியியல் எடுத்தவர்கள் மனப்பாடம் செய்திருப்பார்கள். ஏழு ஆண்டு கழித்து, 1896-இல், காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடேறும் என்ற கணக்கை அதே மனிதர் போட்டு வெளியிட்டார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் மண்ணைப் பற்றிய பெரிய பயம் தொடங்குகிறது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் இலைதழை, வேர், மட்கு எல்லாவற்றையும் நொதிகளால் அறுத்துத் தின்று கரியமில வாயுவாக மூச்சுவிடுகின்றன. நொதிகளின் வேகம் முதல் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டது. பொதுவாக 10 டிகிரி ஏறினால் அது இரட்டிப்பாகும், சில வேளை அதற்கும் மேலே போகும். பூமி சூடானால் மண் அதிகமாக மூச்சுவிடும். மண் அதிகமாக மூச்சுவிட்டால் பூமி இன்னும் சூடாகும்.

அளவுகளைச் சொன்னால் பயத்தின் நியாயம் புரியும். உலக நிலப்பரப்பில் மேல் ஒரு மீட்டர் ஆழத்து மண்ணில் மட்டும் ஏறத்தாழ 1,50,000 கோடி டன் கரிமம் இருக்கிறது. காற்றுமண்டலம் முழுவதிலும் இருப்பது சுமார் 90,000 கோடி டன். நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து மனிதர்கள் ஆண்டுக்கு 1,000 கோடி டன் அளவில் கரிமத்தைக் காற்றில் ஏற்றுகிறோம். மண்ணின் நுண்ணுயிர்கள் ஆண்டுதோறும் வெளியிடுவது அதைப்போல ஐந்து மடங்கு அளவில் வரும். இதுவரை செடிகொடிகள் அதை ஏறக்குறைய முழுவதும் திரும்ப எடுத்துக்கொண்டு வந்ததால்தான் கணக்கு நேராக நின்றது. அந்த மூச்சில் சிறு விழுக்காடு கூடினாலும் நாம் புகைபோக்கிகளில் மிச்சம் பிடிப்பது அத்தனையும் வீணாகப் போய்விடும்.

இந்தப் பயம் எவ்வளவு சரி என்று பார்க்க, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹார்வர்டு காட்டில் 1991-இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் அளவில் பதினெட்டுப் பாத்திகள். ஒரு பகுதியில் 10 செ.மீ. ஆழத்தில் மின்கம்பிகளைப் புதைத்து, சுற்றுப்புறத்தைவிட 5 டிகிரி கூடுதலாக மண்ணைச் சூடாக்கினார்கள். இன்னொரு பகுதியில் கம்பியைப் புதைத்துவிட்டு மின்சாரம் கொடுக்காமல் விட்டார்கள். மண்ணைத் தோண்டிக் கிளறியதே முடிவைக் கெடுத்துவிடக் கூடாது என்ற கவனம் அது. மற்றவற்றைத் தொடவே இல்லை. ஜெர்ரி மெலிலோவும் அவருடைய குழுவினரும் இந்தப் பாத்திகளை ஆண்டுக்கணக்கில் விடாமல் அளந்து, 26 ஆண்டுக் கதையை 2017-இல் வெளியிட்டார்கள்.

முதல் பத்தாண்டில் சூடான பாத்திகள் கரியமில வாயுவைக் கொட்டின. பிறகு ஏழு ஆண்டுகள் சூடான மண்ணுக்கும் சும்மா கிடந்த மண்ணுக்கும் வித்தியாசமே இல்லை. அதோடு முடிந்தது என்று எண்ணியிருக்கையில் 2008 வாக்கில் மறுபடி இழப்பு தொடங்கியது. 2014-க்குப் பிறகு மறுபடி நின்றது. மொத்தத்தில் மேல் 60 செ.மீ. மண்ணில் இருந்த கரிமத்தில் 17 விழுக்காடு போயிருந்தது. அரீனியஸ் சமன்பாட்டிலிருந்து இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டு எடுக்க முடியாது. முதலில் எளிதாகச் சீரணிக்கக்கூடிய கரிமத்தைத் தின்று தீர்த்த நுண்ணுயிர்க் கூட்டம் மெலிந்தது. அந்த ஓய்வுக் காலத்தில் கூட்டமே மாறி, லிக்னின் போன்ற கடினமான பொருளையும் அறுக்கக்கூடியவை மேலே வந்தன. அவை தம் பங்கைத் தின்னத் தொடங்கின என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம். உலையில் எரிகிற விறகைப்போல மண் நடந்துகொள்ளவில்லை. அதற்குள் ஒரு சமூகம் இருக்கிறது. அந்தச் சமூகத்துக்குப் பசியும் பழக்கமும் தலைமுறை மாற்றமும் உண்டு.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் நகர முடியாது. நுண்ணுயிர் தின்னும் கரிமத்தில் ஒரு பங்கு மூச்சாகப் போகிறது, ஒரு பங்கு அதன் உடலாகிறது. உடலானது செத்த பிறகு களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு பல பத்தாண்டுகள், சில சமயம் நூற்றாண்டுகள்கூடத் தங்கிவிடும். மண்ணில் நிலைத்திருக்கும் கரிமத்தில் பெரும்பங்கு, சில வகை மண்ணில் பாதி வரைகூட, இப்படி இறந்த நுண்ணுயிர்களின் மிச்சம்தான். ஆகவே மண்ணைக் கட்டுபவையும் கரைப்பவையும் ஒரே உயிர்கள். தின்றதில் எத்தனை பங்கு உடலாகிறது என்ற விகிதம் வெப்பத்தில் இறங்குமா, காலப்போக்கில் பழகிச் சரியாகுமா என்பதைப் பொறுத்து எதிர்காலக் கணிப்பே தலைகீழாக மாறுகிறது. 2010-இல் ஆலிசன், வாலன்ஸ்டீன், பிராட்ஃபோர்டு மூவரும் இந்த விகிதத்தை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டியபோதுதான், பருவநிலை மாதிரிகள் நுண்ணுயிரை வெறும் வேகக் குறியாக வைத்திருந்தது எவ்வளவு பெரிய குறை என்று தெரிந்தது.

கருத்து வேறுபாடும் இங்கே சிறியதல்ல. 2016-இல் தாமஸ் கிரவுதர் குழு 49 இடங்களின் சோதனைகளைத் தொகுத்து, இந்த நூற்றாண்டின் நடுவுக்குள் சுமார் 5,500 கோடி டன் கரிமம் மண்ணிலிருந்து வெளியேறக்கூடும் என்றது. 2018-இல் வான் கெஸ்டல் குழு இன்னும் பல சோதனைகளைச் சேர்த்து 143 ஆக்கிப் பார்த்தது. அந்த அளவிலான இழப்பை உறுதியாகச் சொல்ல முடியாது என்று மறுத்தது. இரண்டுமே நேர்மையான வேலை. ஆனால் இரண்டும் பெரும்பாலும் வடக்கத்திய மிதவெப்ப நாடுகளின், அதுவும் மேல்மண்ணின், சோதனைகளை நம்பியவை. ஆழத்தையும் வெப்பமண்டலத்தையும் சேர்த்தால் படம் மங்கலாவதற்குப் பதில் கவலை கூடத்தான் செய்கிறது. கலிஃபோர்னியாவின் பிளாட்ஜெட் காட்டில் ஒரு மீட்டர் ஆழம் வரை 4 டிகிரி சூடாக்கியபோது கரியமில வாயு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில், எப்போதும் சூடாகவே இருக்கும் மழைக்காட்டு மண்ணை அதேபோல 4 டிகிரி ஏற்றினார்கள். ஏற்கெனவே வெப்பத்துக்குப் பழகிய நுண்ணுயிர்கள் பெரிதாக அசைந்து கொடுக்காது என்ற எதிர்பார்ப்பு பலருக்கு இருந்தது. இரண்டே ஆண்டில் 55 விழுக்காடு உயர்வு என்று ஆண்ட்ரூ நாட்டிங்ஹாம் குழு 2020-இல் அறிவித்தது. வெப்பமண்டல மண் பத்திரமானது என்ற எண்ணத்தை அந்த ஒரு தீவு அசைத்துவிட்டது.

கரிமத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் விவசாயிக்கு உடனடியாகத் தொடும் பகுதி விட்டுப்போகும். நுண்ணுயிர் மட்கை அறுக்கும்போது கரியமில வாயு மட்டும் வருவதில்லை. தழைச்சத்தும் மணிச்சத்தும் கந்தகமும் சேர்ந்தே விடுபடுகின்றன. ஹார்வர்டு காட்டில்கூடச் சூடான மண்ணில் பயிருக்குக் கிடைக்கும் தழைச்சத்து கூடியது. அங்கே நின்ற மரங்கள் அதை எடுத்துக்கொண்டு கூடுதலாக வளர்ந்தன. மண் இழந்த கரிமத்தில் ஒரு பகுதியை மரம் ஈடுகட்டியது. இதை நான் முக்கியமான இடமாகப் பார்க்கிறேன். சத்து விடுபட்ட நேரத்தில் அதை வாங்கிக்கொள்ள வேர் இருந்தது. அந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தவரை நட்டம் குறைந்தது. பருவநிலை மாற்றம் மண்ணுக்குச் செய்யும் பெருங்கேடு சுழற்சியை வேகப்படுத்துவது மட்டும் என்று பலர் எழுதுகிறார்கள். பல இடத்துச் சோதனைகளைச் சேர்த்துப் படிக்கையில் எனக்குத் தெரிவது வேறு: ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றையொன்று பார்த்து நடக்க வேண்டிய வேலைகள் காலம் தவறி நடக்கின்றன, கண்ணிகள் கழல்கின்றன.

தழைச்சத்தின் பாதையைப் பார்த்தால் இது தெளிவாகும். மட்கிலிருந்து அம்மோனியத்தைப் பிரிப்பது எளிய வேலை. பாக்டீரியாவும் பூஞ்சையும் எத்தனையோ வகைகள் அதைச் செய்யும். அம்மோனியத்தை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது வெகு சில கூட்டங்களுக்கே வரும். செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் அந்தக் கூட்டங்களை அடையாளம் கண்டார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இது பாக்டீரியாவின் வேலை என்றே நம்பியிருந்தார்கள். 2006-இல்தான் பல மண்களில் ஆர்க்கியா என்ற வேறொரு உயிர்ப்பிரிவே எண்ணிக்கையில் முந்தி நிற்கிறது என்று தெரிந்தது. இரண்டு படிகளையும் தனியாகவே முடிக்கும் பாக்டீரியா 2015-இல் கண்டுபிடிக்கப்பட்டது. நைட்ரேட்டைத் திரும்ப நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்புபவை இன்னொரு பெருங்கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி வெப்ப விருப்பம், ஈர விருப்பம், அமிலக் காரத் தாங்குதிறன். எல்லோருக்கும் ஒரே அளவில் வெப்பம் ஏறினாலும் எல்லோரும் ஒரே அளவில் வேகம் பிடிப்பதில்லை.

கழலுவது எப்படி என்பதற்கு மிகத் தெளிவான சான்று குளிர்நாட்டிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹப்பர்டு புரூக் காட்டில் பீட்டர் கிராஃப்மன் குழுவினர் குளிர்காலத் தொடக்கத்தில் விழும் பனியை மண்வாரியால் அள்ளி அகற்றிப் பார்த்தார்கள். பனி என்பது மண்ணுக்குப் போர்வை. பூமி சூடாகிப் பனி குறைந்தால் போர்வை போய், மண் உள்ளே வரை உறைந்துவிடுகிறது. நுண்வேர்கள் செத்தன, வசந்தத்தில் நுண்ணுயிர்கள் விழித்து நைட்ரேட்டை உண்டாக்கியபோது அதை எடுக்க வேர் போதவில்லை, சத்து ஓடையில் கரைந்து போனது. சூடாகும் உலகில் குளிரும் மண் என்று அவர்கள் 2001-இல் எழுதியது சொல் விளையாட்டு அல்ல. ஆண்டின் சராசரி வெப்பநிலையை மட்டும் வைத்து மண்ணைக் கணிப்பவர்களுக்கு அது கடுமையான எச்சரிக்கை.

நம் பக்கத்தில் பனி கிடையாது. ஆனால் இதே கதை வறட்சியிலும் மழையிலும் நடக்கிறது. கென்யாவின் முகுகா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய எச்.எஃப். பர்ச் 1958-இல் ஒன்றை விளக்கினார். நன்றாகக் காய்ந்த மண்ணில் தண்ணீர் விழுந்தவுடன், எப்போதும் ஈரமாக இருந்த மண்ணைவிட அது மிக அதிகமாக மூச்சுவிடுகிறது; அதோடு சேர்ந்து தழைச்சத்தும் வெள்ளமாக விடுபடுகிறது. காய்ச்சலில் பல நுண்ணுயிர்கள் செத்துக் கிடக்கும். பிழைத்தவை உலர்ச்சியைத் தாங்க உடலுக்குள் சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்த்து வைத்திருக்கும். திடீரென்று நீர் புகும்போது அவை அதையெல்லாம் உமிழ்ந்தாக வேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடும். மண்கட்டிகள் உடைந்து, உள்ளே ஒளிந்திருந்த மட்கும் வெளிப்படும். சில மணி நேரத்தில் விருந்து தொடங்கிவிடும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் சித்திரை வெயிலில் ஆள் கை நுழையும் அளவுக்கு நிலம் வெடித்துக் கிடக்கும். அப்போது ஒரு கோடைமழை விழுந்தால் மண்வாசனை எழும்புகிறதே, அதில் பெரும்பங்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளின் மணம். மணம் நம் மூக்குக்கு எட்டும் அந்த வேளையில் கண்ணுக்குத் தெரியாமல் தழைச்சத்தும் விடுபட்டுக்கொண்டிருக்கும்.

பழைய மழைக் கணக்கில் இது வரம். கோடைமழையில் உழுது வைத்து, அடுத்து வரும் பருவமழையில் விதைத்துவிட்டால், விடுபட்ட சத்தைப் பயிர் பிடித்துக்கொள்ளும். இப்போது பருவம் ஒழுங்காக இல்லை. ஒரு மழை பெய்து மண்ணை எழுப்பிவிட்டு இருபது நாள் காய்கிறது. மறுபடி ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. ஒவ்வொரு முறையும் நுண்ணுயிர் எழுந்து சத்தை விடுவிக்கும்; விதை முளைத்திருக்காது; அடுத்த கனமழை நைட்ரேட்டை அடித்துக்கொண்டு போகும், அல்லது நீர் தேங்கிய இடத்தில் வாயுவாகப் பறக்கும். விவசாயி என்ன நினைப்பார்? மண் சத்தில்லாமல் போய்விட்டது, இன்னொரு மூட்டை யூரியா போட வேண்டும் என்றுதான். மண்ணில் சத்து பிறந்தது. வாங்க ஆள் இல்லாமல் போனது.

வறட்சி நீண்டுகொண்டே போனால் கழல்வது வேறு இடத்தில். மானுவல் டெல்காடோ-பாகெரிசோ குழு அன்டார்ட்டிகா தவிர மற்ற கண்டங்களில் 224 வறண்ட நிலங்களின் மண்ணைச் சோதித்து 2013-இல் எழுதியது: வறட்சி ஏற ஏற மண்ணில் கரிமமும் தழைச்சத்தும் குறைகின்றன, மணிச்சத்து கூடுகிறது. கரிமமும் தழைச்சத்தும் உயிரின் வேலையால் வருபவை. மணிச்சத்து பெரும்பாலும் பாறை சிதைந்து வருவது. உயிர் ஓய்ந்தாலும் பாறை உதிர்ந்துகொண்டுதான் இருக்கும். மூன்றும் ஒன்றோடொன்று ஒரு விகிதத்தில் இருந்தால்தான் செடிக்கும் நுண்ணுயிருக்கும் சரிவரும். அந்த விகிதம் ஒரு எல்லைக்கு மேல் பிசகினால் உரம் போட்டுச் சரிசெய்வது எளிதில்லை.

பாதி வழியில் நின்றுபோகும் வேலைகளில் மிக ஆபத்தானது நைட்ரேட்டை வாயுவாக்கும் வேலை. அதன் கடைசிப் படி நைட்ரஸ் ஆக்சைடை நைட்ரஜனாக்குவது. நைட்ரஜன் வாயுவால் ஒரு தீங்கும் இல்லை. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான். நைட்ரஸ் ஆக்சைடோ நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கடைசிப் படியைச் செய்யும் நொதி செம்பைக் கொண்டது; மிக மென்மையானது. ஆக்சிஜன் புகுந்தால் முடங்கும், மண் அமிலமாக இருந்தால் சரியாக உருவாகவே ஆகாது. ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி அடிக்கும் மண்ணில் முதல் படிகள் நடந்து, கடைசிப் படிக்கு முன் காற்று புகுந்துவிடுகிறது. நல்ல பாதி நடக்கவில்லை, கெட்ட பாதி நடந்துவிடுகிறது.

நெல் வயலுக்கு வந்தால் இந்தச் சிக்கல்கள் அத்தனையும் ஒரே சேற்றில் கூடியிருப்பதைப் பார்க்கலாம். தொளி உழவு முடிந்து தண்ணீர் கட்டிய வயலில் ஆக்சிஜன் மண்ணுக்குள் இறங்குவது காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகும். இருந்த ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். பிறகு மூச்சுவிட நைட்ரேட்டைப் பிடிக்கும். அது தீர்ந்தால் மாங்கனீசு, அதன்பின் இரும்பு, பிறகு சல்ஃபேட். வயல்மண்ணின் பழுப்பு நிறம் மாறிச் சாம்பலும் கறுப்புமாவது இரும்பின் கட்டத்தில்தான். எல்லாம் தீர்ந்த பிறகு, சில வாரங்களில், மீத்தேன் ஆர்க்கியாக்கள் வேலையைத் தொடங்கும். தூர் கட்டும் பருவத்தில் வயலில் இறங்கிக் காலை அழுத்தினால் குமிழ் குமிழாக மேலே வருவதில் மீத்தேன் உண்டு. ஆனால் பெரும்பங்கு குமிழாகப் போவதில்லை. நெற்பயிரின் தண்டுக்குள் காற்றறைகள் உண்டு. வேருக்கு ஆக்சிஜன் கொண்டுபோகச் செடி வைத்துக்கொண்ட வழி அது. அதே வழியில் மீத்தேன் மேலே ஏறிவிடுகிறது. வயலின் மீத்தேனில் 90 விழுக்காடு வரை இப்படிப் பயிர் வழியாகவே போகும். ஒரு செடியைப் பிடுங்கிச் சேற்றை அலசிவிட்டுப் பாருங்கள்: வேரின் மேல் துரு நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும். வேர் கசியவிட்ட ஆக்சிஜன் பட்டு இரும்பு துருவேறிய அடையாளம். அந்த மெல்லிய விளிம்பில் மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்களும் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்குபவையும் குடியிருக்கின்றன. அரை சென்டிமீட்டர் தள்ளினால் ஆக்சிஜன் பட்டால் வேலையை நிறுத்திவிடும் மீத்தேன் ஆர்க்கியாக்கள். மனிதச் செயல்களால் வெளியேறும் மீத்தேனில் சுமார் 8 விழுக்காடு உலகின் நெல் வயல்களிலிருந்து வருகிறது.

வெப்பமும் கரியமில வாயுவும் கூடினால் இந்தச் சேறு என்ன செய்யும்? கரியமில வாயு கூடினால் நெல் கொஞ்சம் கூடுதலாக விளையும். வேர் வழியாகச் சர்க்கரையும் கூடுதலாகக் கசியும். அது மீத்தேன் ஆர்க்கியாக்களுக்குத் தீனியாகும். வான் குரோனிங்கன், வான் கெசல், ஹங்கேட் மூவரும் 2013-இல் பல சோதனைகளைத் தொகுத்துக் காட்டினார்கள்: கரியமில வாயு உயர்ந்த சூழலில் விளைச்சலைவிட மீத்தேன் வேகமாகக் கூடி, ஒரு கிலோ நெல்லுக்கு வெளியேறும் பசுமை இல்ல வாயு சுமார் 31 விழுக்காடு ஏறுகிறது, வெப்பம் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் இன்னொரு 12 விழுக்காடு சேர்கிறது, பெரும்பாலும் விளைச்சல் விழுவதால். அதே சோற்றுக்குக் காலநிலை கொடுக்கும் விலை ஏறிக்கொண்டே போகும் என்று பொருள்.

தண்ணீரை எப்போதும் கட்டி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவது இதற்கு நல்ல மருந்து. ஒற்றை நாற்று நடவு செய்யும் விவசாயிகளுக்கு இது பழகிய முறை. துளையிட்ட பிவிசி குழாயை வயலில் இறக்கி வைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் விளைச்சல் குறையாது, மீத்தேன் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும், தண்ணீரும் மிச்சமாகும். இதை நான் முழு மனதாக ஆதரிக்கிறேன். ஆனால் விளம்பரங்களில் சொல்லாமல் விடும் மறுபக்கம் உண்டு. காய்ச்சல் நேரத்தில் ஆக்சிஜன் புகுந்து அம்மோனியம் நைட்ரேட்டாகிறது. மறுபடி பாய்ச்சியவுடன் நைட்ரேட் வாயுவாகிறது. முன்னே சொன்ன மென்மையான நொதி முடங்கினால் நைட்ரஸ் ஆக்சைடு பறக்கிறது. நீர் கட்டியபோது இரும்பிலிருந்து விடுபட்ட மணிச்சத்து காய்ச்சலில் திரும்பவும் இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. மீத்தேனில் கிடைத்த ஆதாயத்தை இவை பெரும்பாலும் முழுதாகத் தின்றுவிடுவதில்லை. ஆனால் யூரியாவை எந்த நாளில் போடுகிறோம் என்பதில் கவனம் இல்லையென்றால் ஆதாயம் நன்றாகவே தேயும். காயப்போடும் முன்தினம் மேலுரம் போடுவது நுண்ணுயிருக்குப் பந்தி வைப்பது.

காவிரி டெல்டாவில் இப்போது நடப்பது திட்டமிட்ட காய்ச்சலும் பாய்ச்சலும் அல்ல என்பதே என் கவலை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ நம்பி நாற்று விட்ட ஆண்டுகளும் உண்டு, தண்ணீர் வராமல் குறுவை போன ஆண்டுகளும் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஒரே வாரத்தில் கொட்டித் தாளடியை மூழ்கடிக்கிறது. குறுவை அறுவடைக்கும் தாளடி நடவுக்கும் நடுவே கிடைக்கும் சில நாளில் வைக்கோலையும் தாளையும் பச்சையாக மடக்கி உழுது உடனே நீர் கட்டினால், அத்தனையும் மீத்தேன் ஆர்க்கியாக்களுக்குப் போகும். அதே தாளை மட்கவைத்துப் போட்டாலோ, நீர் கட்டுவதற்குப் பல நாள் முன்பே காற்றோட்டத்தில் மடக்கினாலோ மீத்தேன் வெகுவாகக் குறையும். இயற்கை வழி வேளாண்மையை நேசிப்பவர்களிடம் இதை மரியாதையோடு சொல்ல விரும்புகிறேன்: தக்கைப்பூண்டும் கொழிஞ்சியும் மண்ணுக்கு நல்லவை, எந்த நாளில் மடக்குகிறோம், எந்த நாளில் நீர் கட்டுகிறோம் என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

கடல் ஏறும் கரையோர வயல்களில் இன்னொரு மாற்றம். கடல்நீரில் சல்ஃபேட் நிறைய இருப்பதால், சல்ஃபேட்டால் மூச்சுவிடும் பாக்டீரியாக்கள் மீத்தேன் ஆர்க்கியாக்களின் தீனியைத் தட்டிப் பறித்துவிடும், மீத்தேன் குறையும். அதைக் கேட்டு மகிழ ஒன்றுமில்லை. அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு நெல் வேரை நஞ்சூட்டும். உப்பு ஏறினால் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் கூட்டங்களும் தளரும்.

கரியமில வாயு கூடினால் செடி கொழிக்கும், மண் அதைச் சேர்த்து வைக்கும் என்ற ஆறுதலையும் சத்துச் சுழற்சி உடைத்துவிட்டது. டென்னசியின் ஓக் ரிட்ஜில் மரங்களுக்குக் கூடுதல் கரியமில வாயுவை ஆண்டுக்கணக்கில் ஊதினார்கள், தொடக்க ஆண்டுகளில் 24 விழுக்காடாக இருந்த கூடுதல் வளர்ச்சி 2008-இல் 9 விழுக்காடாக இறங்கிவிட்டது, தழைச்சத்து போதவில்லை. சிட்னிக்கு அருகே மணிச்சத்து குறைந்த மண்ணில் நின்ற யூகலிப்டஸ் காட்டில் கூடுதல் கரிமம் மரத்தில் தங்கவே இல்லை. அதில் பாதி அளவு மண் வழியாகவே மூச்சாகத் திரும்பியது. யார் தாக்குப்பிடிப்பார் என்பதை வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சையின் வகையும் தீர்மானிக்கிறது. பைன், ஓக் போன்றவற்றின் வேரை உறையாகச் சூழும் பூஞ்சைகள் மட்கிலிருந்து தழைச்சத்தைப் பறித்துத் தர வல்லவை. நம் பயிர்களில் பெரும்பாலானவற்றோடு சேரும் வேர் உட்பூசணம், விவசாயிகள் வேம் என்று வாங்கிப் போடுவது, மணிச்சத்தைத் தேடித் தருவதில் கெட்டி. மட்கை அறுத்துத் தழைச்சத்து எடுப்பதில் அவ்வளவு இல்லை.

வடதுருவ உறைமண்ணைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஸ்வீடனின் வடகோடியில் அபிஸ்கோ அருகே ஸ்டோர்டாலன் சதுப்பில் உறைமண் உருகிய இடத்தில் மீத்தேனை உண்டாக்கும் புதிய ஆர்க்கியா ஒன்றை 2014-இல் அடையாளம் கண்டார்கள். எங்கு உருகியதோ அங்கெல்லாம் ஒரே இனம் கொடிகட்டிப் பறந்தது. அந்த ஒற்றை இனத்தின் அளவைப் பார்த்தே அங்கிருந்து வரும் மீத்தேனின் தன்மையைக் கணிக்க முடிந்தது. எந்த உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் கணிப்பு கூர்மையாகும் என்பதற்கு அது நம்பிக்கை தரும் சான்று.

நம்பிக்கை தரும் வேலைகள் இன்னும் சில நடந்துகொண்டிருக்கின்றன. யூரியாவோடு ஜிப்சத்தையும் வேப்பம் பிண்ணாக்கையும் 5:4:1 என்று கலந்து ஓர் இரவு வைத்திருந்து போடும் நம் பரிந்துரையின் உட்பொருள், நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களை வேம்பு மட்டுப்படுத்தும் என்பது. 2015-இல் இந்தியாவில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியதாக வேண்டும் என்று ஆணை வந்ததும் அதை ஒட்டியே. ஜப்பானில் பணியாற்றும் ஜி.வி. சுப்பாராவ் குழு, செடியின் வேரே அந்த வேலையைச் செய்யும் குணத்தை ஒரு காட்டுப் புல்லிலிருந்து கோதுமைக்குக் கொண்டுவந்து 2021-இல் வெளியிட்டது. நார்வேயில் நைட்ரஸ் ஆக்சைடை நைட்ரஜனாக்கும் ஒரு பாக்டீரியாவை உயிரி எரிவாயுக் கலனின் கழிவில் பெருக்கி வயலில் இட்டு, வாயுவைப் பாதிக்கு மேல் குறைத்துக் காட்டினார்கள். 2024-இல் வெளியான செய்தி அது. முடங்கிய கடைசிக் கண்ணியைத் தேடிப்போய் மாட்டிய இந்த வேலை என்னை மிகவும் ஈர்த்தது. அது பலித்ததற்குக் காரணம், பாக்டீரியா வெறும் கையோடு வரவில்லை. தன் தீனியோடு வயலுக்கு வந்தது. அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் பாக்கெட்டில் வாங்கி, மட்கே இல்லாத வெயில் காய்ந்த நிலத்தில் தூவிவிட்டுப் பலன் இல்லை என்று கைவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தொழுவுரத்தோடு கலந்து, ஈரம் இருக்கும்போது போடு என்ற பழைய அறிவுரை வெற்றுச் சடங்கு அல்ல.

இவ்வளவுக்கும் நம்மிடம் அளவீடு இல்லாததுதான் பெரிய குறை. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டையில் பன்னிரண்டு அளவுகள் இருக்கின்றன: தழை, மணி, சாம்பல், கந்தகம், நுண்ணூட்டங்கள், கார அமிலநிலை, உப்பின் அளவு, கரிமம். உயிரைச் சொல்லும் அளவு ஒன்றுகூட இல்லை. மண் மூச்சுவிடும் வேகத்தை ஒரு மூடிய டப்பாவும் கொஞ்சம் காரக் கரைசலும் வைத்து எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் அளக்கலாம்; அதைப் பதின்மூன்றாவது அளவாகச் சேர்ப்பது பெரிய செலவு அல்ல. கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் நிரந்தர உரச் சோதனை வயல் 1909-இல் தொடங்கியது. ஒரே உரத்தை ஒரே பாத்திக்கு நூறாண்டுக்கு மேலாகப் போட்டு வந்த மண் உலகில் அதிகம் இல்லை. அந்தப் பாத்திகளிலும், தஞ்சை நெல் வயலிலும், கோவில்பட்டிக் கரிசலிலும் ஹார்வர்டு காட்டைப்போலக் கம்பி புதைத்து நான்கைந்து டிகிரி ஏற்றி, நீரையும் கூட்டிக் குறைத்து, இருபது முப்பது ஆண்டு விடாமல் அளக்க வேண்டும். ஐந்தாண்டில் முடியும் திட்டங்களால் இது ஆகாது. முதல் பத்தாண்டோடு நிறுத்தியிருந்தால் மெலிலோவே தவறான முடிவோடு போயிருப்பார்.